ரோடு உயர்ந்தது, ஊருணி வறண்டது

எங்கள் ஊரில் மழையைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் மழை பிடித்தால், "தெருவுல கால் வைக்க முடியலை, திண்ணை வரைக்கும் தண்ணி நிக்குது" என்பார்கள். மாசி பிறந்து ஊருணியில் அடிமண் தெரிய ஆரம்பித்ததும் அதே ஆட்கள், "இப்பல்லாம் எங்க மழை பெய்யுது, அந்தக் காலம் மாதிரி வருமா" என்பார்கள். இரண்டுமே பொய் இல்லை. தெருவில் தண்ணீர் நிற்பதும் நிஜம், ஊருணி காய்வதும் நிஜம். ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒட்டவில்லை. ஊர்க் குடிநீர்க் குளமான ஊருணி தெருக்கோடியில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தெருவில் முழங்கால் அளவு நிற்கிற தண்ணீர் அந்தக் கூப்பிடு தூரத்தை ஏன் கடக்கவில்லை? இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

மழைக் கணக்கைத்தான் முதலில் பார்த்தேன். சிவகங்கை மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுவதுதான் அதில் அதிகம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். நம் செட்டிநாட்டுப் பழைய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீள்பவை. ஐந்நூறு சதுர மீட்டர் கூரை என்பது இங்கே சாதாரணம். ஒரே ராத்திரியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் அப்படி ஒரு கூரையில் மட்டும் 25,000 லிட்டர் இறங்கும். பெரிய தண்ணீர் லாரி இரண்டு வந்து கொட்டுகிற அளவு. அப்படி இருபது வீடு உள்ள தெருவென்றால் 5 லட்சம் லிட்டர். கோடையில் லாரித் தண்ணீருக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்கிற தெருவும் இதே தெருதான். இவ்வளவு தண்ணீரும் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் மழையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முற்றத்து மூலை

செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். முற்றத்து மூலையில் இருக்கிற ஓட்டையை யாரும் படம் எடுத்து நான் பார்த்ததில்லை. அந்த வீட்டின் பாதிச் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. நாலு பக்கத்து ஓட்டுக்கூரையும் முற்றத்தைப் பார்த்துச் சரிகிறது. ஓட்டின் விளிம்பில் தகரத்தால் நீளவாக்கில் வாரி அடித்து, மூலைக்கு மூலை குழாய் இறக்கியிருப்பார்கள். முதல் மழை ஓட்டுத் தூசியைக் கழுவிக்கொண்டு போன பிறகு, அந்தக் குழாயடியில் அண்டாவை வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். மிச்சத் தண்ணீர் முற்றத்தின் கல்தளத்தில் ஓடி, மூலையில் ஓட்டை போட்ட கல்மூடி வழியாக இறங்கி, தரைக்கடியில் பட்டாலை, முகப்பு எல்லாவற்றையும் கடந்து, திண்ணைக்குக் கீழே தெருப்பக்கம் வெளியே வரும். வீடுகளில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று தமிழக அரசு 2003-ல் சொன்னபோது, இந்த வீடுகள் அந்த வேலையை எத்தனையோ தலைமுறைகளாகச் செய்துகொண்டிருந்தன.

எதிர்வீட்டு ஆச்சிக்கு அந்த மூலையில்தான் பிரச்சினை. மழை பெய்தால் முற்றத்துத் தண்ணீர் இறங்குவதில்லை; தாழ்வாரம் வரை ஏறி, நெல் கொட்டி வைத்திருந்த அறைக்குள் ஒருமுறை போய்விட்டது. அடைப்பு எடுக்க ஆள் வந்தது, மூங்கில் குச்சி விட்டுக் குத்தியது, போனது. அடுத்த மழையிலும் அதே கதை. கடைசியில் ஊரிலேயே வயதான கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டார்கள். பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த கை. கூடமாட உதவிக்கு நான் போனேன்.

அவர் குச்சி எதுவும் கேட்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரை மூலையில் மெதுவாக ஊற்றச் சொல்லிவிட்டு வெளியே போய்த் திண்ணையடியில் குந்திக்கொண்டார். தண்ணீர் இறங்கியது, ஆனால் வெளியே வரவில்லை. கரண்டியால் ரோட்டோரத்து மண்ணையும் தார்ச் சிதறலையும் கொஞ்ச நேரம் சுரண்டினார். செதுக்கிய கல் ஒன்றின் மேல்விளிம்பு தெரிந்தது. இன்னும் தோண்ட, கல்லில் குடைந்த வாய் முழுசாகத் தெரிந்தது. அது இருந்தது ரோட்டுக்குக் கீழே. "அடைப்பு ஒண்ணும் இல்லை ஆச்சி," என்றார். "உள்ள இருக்கிற தண்ணி வெளிய போகலைங்கிறது பாதிதான். வெளிய இருக்கிற தண்ணி இந்த வழியா உள்ள வருது." ஆச்சி முற்றத்தை ஒருதரம், தெருவை ஒருதரம் பார்த்துவிட்டு, "அப்ப நான் இத்தனை நாளாத் தெருத்தண்ணியவா வாரி ஊத்துனேன்?" என்று கேட்டார்.

அப்புறம் கொத்தனார் டியூப் லெவலை எடுத்தார். வீடு கட்டுகிற இடத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: கண்ணாடி போலத் தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். குழாயில் காற்றுக் குமிழி ஒன்று நின்றாலும் அளவு தப்பிவிடும் என்பதால் விரலால் தட்டித் தட்டி அதை வெளியேற்றினார். ஒரு முனையை என்னிடம் கொடுத்து அந்தக் கல்வாய்க்கு நேர் மேலே சுவரோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையை எடுத்துக்கொண்டு நடுரோட்டில் ஒரு கம்பை நட்டு நின்றார். குழாய் எத்தனை வளைந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். சுவரில் ஒரு கரிக்கோடு, கம்பில் ஒரு கோடு. டேப்பை வைத்து இரண்டு கோட்டிலிருந்தும் கீழே அளந்தார். கழித்துப் பார்த்தால், கல்வாயின் அடித்தளத்தைவிட நடுரோடு பதினான்கு அங்குலம் உயரம்.

"இங்க ஒரு வாறுகால் ஓடிக்கிட்டிருந்துச்சு தம்பி," என்று ரோட்டோரத்தைக் காட்டினார். "நான் சின்னப் பையனா எடுபிடி வேலைக்கு வந்தப்ப, மழை விட்ட மறுநிமிஷம் தெரு காஞ்சிரும். வீட்டுத் தண்ணி வாறுகாலுக்கு, வாறுகால் அந்த முக்குப் பாலத்துக்கு, பாலம் ஊருணிக்கு. ஒருத்தரும் தள்ளிவிட வேணாம், தானாப் போகும். ரோட்டை மேல மேல போட்டாங்க. வாட்டம் போச்சு." வாறுகால் என்றால் தெருவோரக் கால்வாய்; வாட்டம் என்றால் சரிவு.

இரண்டரை அடி

அன்று சாயங்காலம் குழாயைச் சுருட்டி வைக்க எனக்கு மனசில்லை. அவரும் சளைக்கவில்லை. தெருவோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஊருணியின் வாய்க்கல் வரை மட்டம் பார்த்தோம். ஆச்சி வீட்டுக் கல்வாயிலிருந்து ஊருணி வாய் வரை கிட்டத்தட்ட அறுநூறு அடி தூரம். மொத்த இறக்கம் இரண்டரை அடி. ஒரு தெருவின் மழைத்தண்ணீரை ஊருணிக்குக் கொண்டு சேர்த்தது இந்த இரண்டரை அடிதான். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. வாறுகால் தரை இருநூறு அடிக்கு ஓரடிக்கும் குறைவாக இறங்கிக்கொண்டே போகிற மாதிரி அன்றைக்குப் போட்டிருக்கிறார்கள். அதைவிட இறக்கினால் தண்ணீர் வேகமெடுத்து மண்ணை அரிக்கும், ஏற்றினால் நின்றுவிடும். அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஒரு ஊரையே அமைத்திருக்கிறார்கள். முக்கில் ரோட்டைக் கடக்கிற கல்பாலத்தின் ஒரு வாய் மண்ணுக்குள் போய்விட்டது. மறுபக்க வாயில் கோரைப்புல் முளைத்திருந்தது. இப்போது மழைத்தண்ணீர் அந்த முக்கில் திரும்பி, ரோட்டோடு எதிர்ப்பக்கமாக ஓடி, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் சாக்கடையில் கலக்கிறது.

தார் ரோட்டை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் பழைய தாரின் மேலேயே ஓரிரு அங்குலத்துக்கு இன்னொரு அடுக்கு போடுகிறார்கள். ரோடு போடுவதிலும் ஒரு வாட்டம் உண்டு: நடு உயர்ந்து, ஓரத்துக்கு மீட்டருக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் தாரில் தங்காது. அந்த விதியை எங்கள் தெருவில் ஒழுங்காகத்தான் கடைப்பிடித்திருக்கிறார்கள். ரோட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு குறையும் சொல்ல முடியாது, வழவழவென்று இருக்கிறது. ஓரத்துக்கு இறங்குகிற தண்ணீர் அப்புறம் எங்கே போகும் என்பது ரோட்டுக் கணக்கில் வரவில்லை. வீட்டுக்காரர்களும் தங்கள் பங்குக்கு வாசலில் சிமெண்ட் சரிவு போட்டு ரோட்டோடு இணைத்துக்கொண்டார்கள். பைக் ஏற வேண்டும் அல்லவா. அந்தச் சரிவுகளுக்கு அடியில் வாறுகால் துண்டு துண்டாகப் புதைந்தது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது இதுதான். ரோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் உண்டு, கனம் உண்டு. எல்லாவற்றுக்கும் பில் உண்டு. ஊருணிக்குப் பரப்பளவு உண்டு, புல எண் உண்டு. இரண்டுக்கும் இடையில் இருந்த அந்த இரண்டரை அடி இறக்கம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதைக் கட்டியவர்கள் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது, கொத்தனாருக்கும் ஊருக்கும் அது கண்ணில் தெரிந்துகொண்டே இருந்தது. பதிவேட்டில் இல்லாததை எடுத்துக்கொண்டால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் எவரும் திருடாமலே அது காணாமல் போயிருக்கிறது.

தூர்வாரினால் போதுமா

ஊருணி காய்ந்தால் உடனே நம் ஊர்களில் எழுகிற குரல், தூர்வார வேண்டும் என்பது. பொக்லைன் வரும், மண் அள்ளுவார்கள், கரையில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், பணம் கொடுக்கிறவர்களும் மனசாரத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் ஆழப்படுத்தினால் தண்ணீர் வந்துவிடாது; வரத்துக்கால் திறந்திருந்தால்தான் வரும். சில இடங்களில் ஆழப்படுத்துவதே கெடுதல். நம் பகுதி செம்மண், செம்புறாங்கல் பூமி, தண்ணீரை உறிஞ்சிவிடும். ஊருணியின் அடியில் வருஷக்கணக்காகப் படிந்த களிதான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்தக் களியையும் சேர்த்து அள்ளிவிட்டால், நிறைந்த ஊருணி இரண்டே மாதத்தில் காலியாகும். எவ்வளவு அள்ளலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

பழைய ஊருணி ஒன்றை நிதானமாகச் சுற்றிப் பாருங்கள், தண்ணீர் உள்ளே வருவதற்கு முன்பு அதற்கு என்னென்ன ஏற்பாடு என்று தெரியும். வரத்துக்கால் நேராக ஊருணியில் விழாது. முன்னால் ஒரு சின்னப் பள்ளம். வேகமாக வருகிற தண்ணீர் அங்கே தணிந்து, மணலையும் சருகையும் விட்டுவிட்டு, அப்புறம் கல்வாய் வழியாக உள்ளே நுழையும். குடிக்கிற ஊருணியில் கால் நனைக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு; குளிக்கவும் மாட்டுக்கும் வேறு இடம். நிறைந்து வழிவது அடுத்த குளத்துக்கோ கண்மாய்க்கோ போக இன்னொரு வழி. ஊருணி நிறைந்திருந்தால் சுற்றுத் தெருக்களில் வீட்டுக் கிணறும் ஊறும். கண்மாய்களில் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கப் பாண்டிய நாட்டுக்காரர்கள் வைத்த குமிழி மடையிலும் இதே அக்கறைதான்: தெளிந்த தண்ணீர் போக மேலே நீரோடித் துளை, அடிச்சேறு தண்ணீரோடு சேர்ந்து வெளியேறக் கீழே சேறோடித் துளை. பாசனம் நடக்கும்போதே அந்தப் பக்கத்துச் சேறும் கொஞ்சம் வெளியேறிவிடும். இன்றும் கண்மாய்க்குள் நிற்கிற அந்த இரட்டைக் கல்தூண்களைப் பார்த்து, மாடு கட்ட நட்டது என்று நினைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கம்பத்தில் ஐந்து கம்பி

ஒரு விஷயத்தில் கண் பழகிவிட்டால் மற்றதும் தெரிய ஆரம்பிக்கிறது. தெருவில் கம்பத்துக்குக் கம்பம் போகிற மின்கம்பிகள் எத்தனை என்று இப்போது எண்ணத் தோன்றுகிறது. பல தெருக்களில் ஐந்து: மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல், தெருவிளக்குக்குத் தனியாக ஒன்று. ராத்திரியில் வீட்டில் கரண்ட் இருந்தும் தெருவிளக்கு மட்டும் வரிசையாக அணைந்துகிடந்தால், அந்த ஐந்தாவது கம்பியின் பாதையைத்தான் பார்க்க வேண்டும். டிரான்ஸ்பார்மருக்கு மேலே வருவது மூன்று கம்பி, 11,000 வோல்ட். பெரிய பீங்கான் குமிழ்களில் உட்கார்ந்திருக்கும். குமிழ் சிறியதாக இருந்தால் வீட்டுக்கு வருகிற லைன். எங்கள் லைன்மேன் ஒருவர் தெருவில் நடக்கும்போது தலையைத் தூக்கியே நடப்பார். எந்த வேப்பங்கிளை அடுத்த காற்றில் எந்தக் கம்பியைத் தொடும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

குழாய்த் தண்ணீரும் அப்படித்தான். திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்த கூட்டுக் குடிநீர் இவ்வளவு தூரம் வந்து, மேல்நிலைத் தொட்டியில் ஏறி, விடியற்காலையில் ஒருவர் நீளக் கம்பிச் சாவியோடு தெருமுக்கில் வால்வைத் திருப்பினால்தான் நம் குழாய்க்கு வரும். எந்த வால்வை எத்தனை சுற்றுத் திறந்தால் மேட்டுத் தெருவுக்கு ஏறும், எதைக் கொஞ்சம் இறுக்கினால் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும் என்பது அவர் கையில் இருக்கிறது. வழியில் ஒரே ஒரு வீட்டில் குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சினாலும் அவர் கணக்கு அத்தனையும் கெடும். அதைச் செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது, மறைத்துப் பேச ஒன்றுமில்லை.

அந்த மேல்நிலைத் தொட்டியின் அடிப்பக்கத்தை ஒருதரம் அண்ணாந்து பாருங்கள். காரை பெயர்ந்து உள்ளே கம்பி தெரிந்தால் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில்தான் கான்கிரீட் உள்ளிருந்து வெடிக்கிறது. முதலில் ஒரு மெல்லிய கோடு, அப்புறம் பழுப்புக் கசிவு, அதற்கப்புறம்தான் காரை விழும். கோடாக இருக்கும்போதே பார்த்தால் செலவு குறைவு. துருவையும் ஆராய்கிற பெரிய நிலையம் இருக்கிற ஊர்ப்பக்கம் நாம் இருக்கிறோம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், உலோக அரிப்பு முக்கியமான ஆய்வுத் துறை. காரைக்குடியில் பஸ் ஏறும்போதெல்லாம் அந்த வாசலைக் கடக்கிற நாம், நம் தெருத் தொட்டியின் விரிசலைத் தலை நிமிர்ந்து பார்க்கப் பழகவில்லை என்பது எனக்கு வருத்தம்.

சுரண்டிவிட்டுப் போடுங்கள்

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புது ரோடு போட வேண்டும், வீடுகளுக்குள் தண்ணீர் புகும்படி ரோட்டை உயர்த்தக் கூடாது என்று 2021-ல் தமிழகத் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டிருக்கிறார். சுரண்டுகிற எந்திரம் இருக்கிறது. மில்லிங் என்று சொல்கிறார்கள். சின்னத் தெருக்களுக்கு அது வருவதில்லை, வரச் சொல்லிக் கேட்கிறவர்களும் குறைவு. கேட்டால், "இந்தத் தெரு முன்னாடி எந்த மட்டத்துல இருந்துச்சு?" என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்கு நம்மிடம் பதில் வேண்டும். அந்தப் பதில் நம் வீடுகளிலேயே இருக்கிறது. திண்ணையடிக் கல்வாய், முதல் படிக்கட்டு, பாலத்தின் கல்: மூன்றும் கட்டிய நாளிலிருந்து நகரவில்லை. ரயில்வே ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு உயரத்தைக் கல்லில் குறித்து, பஞ்சாயத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது என் கட்சி.

ஆச்சி வீட்டுக்கு இப்போதைக்குக் கொத்தனார் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். கல்வாயில் வெளித்தண்ணீர் உள்ளே வராமல் ஒரு பலகைக் கதவு. முற்றத்துத் தண்ணீர் பின்கட்டுக் கிணற்றுக்குப் போக மணல், ஜல்லி போட்ட ஒரு தொட்டி. நெல் அறை இந்த மழைக்கு நனையவில்லை. ஊருணிக்கு அதனால் ஒரு சொட்டும் கூடவில்லை. முக்குப் பாலத்தின் வாயைத் தோண்டித் திறப்பதும், வாறுகாலை மறுபடி எடுப்பதும் தெருவே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. வாசல் சரிவை உடைக்க நாலு வீட்டுக்காரர்கள் சம்மதித்திருக்கிறார்கள், இரண்டு பேர் யோசிக்கிறார்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் மனு வைக்கப் போகிறோம். அதற்குள் மூன்று தெருக்களிலும் எல்லா வீட்டுக் கல்வாய்க்கும் மட்டம் எடுத்து, வரைபடமாக எழுதி முடிக்க வேண்டும். கொத்தனாருக்கு முட்டி வலி, வெயிலில் ரொம்ப நேரம் நிற்க முடியாது. எப்படிப் பார்ப்பது என்று பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இருவருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். டியூப் லெவலுக்கு இரண்டு முனை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருணிக் கரையில் இருப்போம். வருகிறவர்கள் டேப்பும் ஒரு நோட்டும் கொண்டு வந்தால் நல்லது.